சரியாக ஐந்து

அக்டோபர் 3, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று சராசரி ஆரம்பித்தேன். கூட்டு, பிறகு வகு என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், அத்தனை பேரும் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சூரை மீன் பிடிக்கப் போன படகுகள் திரும்பும் நேரம். யார்தான் பலகையைப் பார்ப்பார்கள்? எனக்கே வெளியே போய்விடலாம் போல இருந்தது.

சரி என்று சாக்கட்டியைக் கீழே வைத்தேன். "எல்லாப் படகு மீனையும் கரையில ஒண்ணாக் கொட்டி, ஊர்ல இருக்கிற ஆளுக்கு இவ்வளவுன்னு சமமாப் பங்கு போடுறாங்கல்ல? அந்த ஒரு பங்குதான் சராசரி."

"இனாதியா டீச்சர்? அதை மொதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றான் கெலமெட். ஏதோ நான்தான் பாடத்தைக் கெடுத்தவள் மாதிரி.

சாயங்காலம் கரையில் மீன் பங்கு போடும் இனாதிக்குப் போனேன். பங்கு போடும் ஃபலனிகோ மாமா வழக்கம்போல இரண்டு பங்கு எடுத்து வைத்தார், எனக்கும் என் கணவன் பெதெலோவுக்கும். "கிறிஸ்துமஸ் கப்பல்ல வந்துருவான்ல அம்மாடி?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெளியூர் போனவன் இனி வரமாட்டான் என்று வீட்டில் சொல்லும்வரை எங்கள் தீவில் அவன் பங்கு நிற்காது.

நான் சொல்லவில்லை. பெதெலோ சொல்லிவிட்டான், போன மாதம், நியூசிலாந்திலிருந்து, போனில். "நான் இங்கயே இருந்துடறேன் லெபெகா. இங்க எனக்கு ஒரு வீடு ஆயிடுச்சு. நீ எதிர்பார்க்காத." அவ்வளவுதான். அவன் பங்கைப் பன்றிக்குப் போட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

விடைத்தாள் திருத்தவில்லை. துணி துவைக்கவில்லை. பன்றி மட்டும் கொழுக்கிறது.

அக்டோபர் 9, திங்கள்

ஊர்ப் பெரியவர்களின் சபை பள்ளிக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. வீட்டுக்கு எத்தனை பேர் என்ற பழைய கணக்கு சரியில்லையாம், புதிதாக எண்ணித் தரவேண்டுமாம். தலைமையாசிரியர் ஒரே சிரிப்பு. "உங்க வகுப்பே எண்ணட்டும் லெபெகா. பாடமும் ஆச்சு, ஊர் வேலையும் ஆச்சு." பிள்ளைகள் நாற்பது வீட்டையும் பிரித்துக்கொண்டு போகவேண்டும். வீட்டுக்குச் சராசரி எத்தனை பேர் என்று பெரிதாக எழுதி சபைக் கூடத்தில் மாட்டவேண்டும்.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. தேடுகிற தெம்பும் இல்லை.

அக்டோபர் 13, வெள்ளி

ஒரே கூச்சல். கெலமெட் ஆக்லாந்தில் இருக்கிற மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் எல்லோரையும் தன் வீட்டில் சேர்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

"அவங்க இங்க இல்லையேடா."

"எங்க வீட்டு ஆளுங்கதானே டீச்சர்? இல்லாமப் போயிடுவாங்களா?"

"இந்த ஊர்ல படுக்கிறவங்களையும், கப்பல்ல திரும்பி வரப்போறவங்களையும் மட்டும்தான் எண்ணணும்." சொல்லிவிட்டேன். சொன்னபிறகு பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹூலியா தன் வீட்டில் பதினொரு பேர் என்றாள். "படுக்கப் போனா கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்." எல்லாவற்றையும் அவள்தான் கூட்டினாள். இருநூறு பேர், நாற்பது வீடு. வகுத்தால் சரியாக ஐந்து! புள்ளி கிடையாது, மீதி கிடையாது. கெலமெட் மேஜை மேல் ஏறி ஆடினான். முழு எண்ணாக வருகிற கணக்கு அவர்களுக்கு அபூர்வம்.

பலகையில் கடைசி வரி: லெபெகா டீச்சர் வீடு, 2. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. தெரிந்ததைப் போய் யார் கேட்பார்கள்?

மணி அடித்தது. அந்த வரியைத் திருத்தாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

ஒரு எண்தானே. இரண்டு என்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? — ஆனா அது சபைக் கூடத்துச் சுவத்துல தொங்கும். பூசைக்குப் போறப்பவும் வர்றப்பவும் நான் அதைப் பாக்கணும். ஒண்ணுன்னு எழுதினா? ஊர் முழுக்கத் தெரியும். பெண்கள் பாய் பின்னுற இடத்துல பேச்சு நின்னுடும், நான் போனதும். அது வேண்டாம். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.

அவன் எப்படி அவ்வளவு சுலபமாச் சொன்னான்? போன்ல அவன் பின்னால ஒரு குழந்தை அழுதுச்சு. யாருதுன்னு நான் கேட்கல.

அக்டோபர் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஹூலியா பெரிய தாளில் ஐந்து என்று எழுதி, சுற்றிலும் மீன் வரைந்து, வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "அழிக்கணும் ஹூலியா. ஒரு வரி தப்பு. என் வீட்டுல ஒருத்தர்தான்."

அவள் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்போ நூத்தித் தொண்ணூத்தொம்பது. நாலு புள்ளி ஒன்பது ஏழு அஞ்சு. அய்யோ டீச்சர்!"

"அஞ்சாவது ஆளுக்கு ஒரு காது இல்ல போல" என்றான் கெலமெட். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனே கெஞ்சினான். "பெதெலோ மாமா கிறிஸ்துமஸுக்கு வந்துருவாருல்ல? ரெண்டுன்னே வெச்சுக்கலாம் டீச்சர். எவ்வளவு அழகா அஞ்சு வந்துச்சு!"

"வரமாட்டார்."

"ஏப்ரல் கப்பல்ல?"

"எந்தக் கப்பல்லயும் வரமாட்டார்டா. எண்ணினா என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும். அழகா வரணும்னு எழுதக் கூடாது."

ஹூலியா தலை நிமிராமல் ஐந்தை அழித்தாள். தாள் கிழிந்துவிட்டது. வேறு தாள் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், நன்றாக.

அக்டோபர் 18, புதன்

இனாதி. ஒரு பங்கு. ஃபலனிகோ மாமா கையிலிருந்த செதிளைத் துடைத்துக்கொண்டே "சாப்பிடு அம்மாடி" என்றார்.

அக்டோபர் 20, வெள்ளி

இருட்டுவதற்கு முன்னால் வாசலில் ஹூலியா. கையில் சுருட்டிய பாய், தலையணை, பின்னால் அவள் அம்மா ஒரு கூடை தேங்காயோடு.

"இவ இங்க இருக்கட்டும் லெபெகா" என்றாள் அவள் அம்மா. "எங்க வீட்டுல இவளுக்கு நீட்டிப் படுக்க இடமில்ல. குறட்டை விடுவா, பொறுத்துக்கோ." பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் வளர்வது இங்கே புதிதில்லை. ஆனாலும் நான் நிலைப்படியை விட்டு நகரவில்லை. டீச்சராகவே பேசினேன்.

"நீ இங்க வந்தா அஞ்சு வந்துடாது ஹூலியா. உங்க வீட்டுல ஒண்ணு குறையும், இங்க ஒண்ணு கூடும். மொத்தம் அதேதான்."

"தெரியும் டீச்சர். சராசரி மாறாது." பாயை உள்ளே விரிக்க ஆரம்பித்துவிட்டாள். "உங்க வீடு மாறும்ல?"

அக்டோபர் 24, செவ்வாய்

குறட்டை உண்மைதான்.

சபைக் கூடத்தில் தாளை மாட்டிவிட்டார்கள். நாலு புள்ளி ஒன்பது ஏழு ஐந்து, சுற்றிலும் மீன். பார்த்துவிட்டு இனாதிக்குப் போனேன். இரண்டு பங்கு. ஹூலியா பொரித்தாள், கொஞ்சம் கருக்கிவிட்டாள். பன்றிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.