தெரிந்தவர் இருவர்

3 ஜூன் 2025

பயோடேட்டா எழுதி முடித்தேன். நான்கு பக்கம். பெயர் தாவீது, ஹவில்தார், ஓய்வு. ரத்தப் பிரிவு, மார்பளவு, மூச்சை இழுத்தால் மார்பளவு, இடது காதுக்குக் கீழே மச்சம், நான் செத்தால் தகவல் சொல்ல வேண்டியவர் கமலாட்சி, மனைவி. ஒன்றும் விடவில்லை. இருபத்துநான்கு வருடம் பட்டாளம் என்னிடம் கேட்டதெல்லாம் இதுதானே!

மகள் பிரவீனா சிரித்த சிரிப்பில் அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாப்பா இது? நீ வேலைக்குப் போறியா, மாட்டுச் சந்தைக்குப் போறியா?"

4 ஜூன்

ஒரே பக்கம் ஆக்கிவிட்டாள். ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டது 'ஸ்டோர் மேனேஜ்மென்ட்' ஆனது. லடாக்கில் மூக்கு விறைத்து நின்றது 'எந்தச் சூழலிலும் பணியாற்றும் திறன்' ஆனது. படித்துப் பார்த்தேன். இந்த ஆளுக்கு நானே வேலை கொடுப்பேன்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி, ஸ்டோர் இன்சார்ஜ் வேலை. பட்டாளத்தான் என்றாலே எல்லோரும் விசிலைக் கொடுத்து கேட்டில் நிற்கச் சொல்கிறார்கள். அது கேவலமில்லை. ஆனால் எனக்கு வேண்டாம். வருகிற போகிற வண்டிக்கெல்லாம் சல்யூட் அடித்தது போதும்.

8 ஜூன், ஞாயிறு

கம்பெனி விண்ணப்பத்தில் கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். உள்ளூரில் என்னை நன்கு தெரிந்த இருவர் பெயர் வேண்டுமாம். சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அவர்களுக்குப் போன் செய்து விசாரிப்பார்களாம்.

நான் பட்டாளத்தில் இருந்த தேஜ்பூரில் கேட்டிருந்தால் ஒரு பட்டாலியனையே நிறுத்துவேன். காஞ்சிபுரத்தில்?

சர்ச்சில் போதகர், "ஊருக்குப் புதுசா?" என்றார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அந்தச் சர்ச்சில்தான். பட்டுக் கடையில் இருக்கும் பள்ளித் தோழன் உதயகுமார், "தாராளமா போட்டுக்கபா. ஆமா, லீவு எப்ப முடியுது?" என்றான். நான் ஓய்வு பெற்று வந்து எட்டு மாதம் ஆகிறது!

கமலாட்சி வேறு: "எனக்குத் தெருவுக்குப் பத்து பேரு இருக்காங்க. ரெண்டு பேரைத் தரட்டுமா?"

உதயகுமாருக்கு அடுத்து, பக்கத்து வீட்டு மணிவண்ணன் பெயரை எழுதினேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், என் வயதுதான். கேட்டால் நல்லபடியாகச் சொல்லச் சொன்னேன். "அசத்திடறேன்பா" என்றான்.

19 ஜூன்

அசத்திவிட்டான். கம்பெனிக்காரர்களிடம் சொன்னதை அவனே பெருமையாக ஒப்பித்தான்: "தங்கமான மனுஷன் சார். லீவுல வந்தா எனக்கு ஒரு மிலிட்டரி பாட்டில் இல்லாம வரமாட்டாரு. அஞ்சு காசு வாங்கினதில்ல."

ஸ்டோர் இன்சார்ஜுக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் உண்டா!

21 ஜூன்

வேலை இல்லை.

22 ஜூன்

சண்டை. தெருவே வேடிக்கை பார்த்தது. இருபத்துநாலு வருஷம்டா, பனியில நின்னேன்டா, கடைசில நான் ஒரு பாட்டிலாடா? கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மணிவண்ணன் கத்தவில்லை.

"வேற இன்னா சொல்லச் சொல்ற? வருஷத்துக்கு ஒரு தபா வர்ற. பாட்டில் தர்ற. சிரிக்கற. பூடற. உன்னப் பத்தி எனக்கு இன்னாபா தெரியும்?"

அவனைப் பற்றி எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவன் மகள் பெயர் ஜோதியா, ஜோதிகாவா? வெட்கமாக இருக்கிறது. சொந்த ஊரில் ஆளில்லாதவனாகிவிட்டேன் — யார் செய்த வேலை இது? நான்தான்.

30 ஜூன்

மணிவண்ணன் வாசலில் ஹாரன் அடித்தான். "சும்மாதான குந்திக்கினு இருக்க. வந்து முன்னாடி உக்காரு."

ஐயம்பேட்டை வரை போய் வந்தோம். சவாரிகளை உயரப்படி வரிசையாக ஏற்றினேன். ஒரு அம்மாவுக்குக் கோபம். "யாருபா இந்தாளு?" என்றார்.

"மிலிட்டரிமா. ஒண்ணும் சொல்லாத, சுட்டுடுவாரு."

வண்டியே சிரித்தது. நானும்தான்.

17 ஜூலை

இன்றும் முன் சீட்.

2 செப்டம்பர்

இன்னொரு கம்பெனி. கேட்டில் நிற்கச் சம்மதமா என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். எழுவதற்கு முன் அனுமதி கேட்டேன் என்பதைப் பிரவீனாவிடம் சொல்லவில்லை.

6 அக்டோபர்

மதியம் ஒரு போன். ஏதோ பள்ளிக்கூடத்து ஆபீஸ் அம்மா. வேன் டிரைவர் வேலைக்கு மணிவண்ணன் விண்ணப்பித்திருக்கிறானாம். தெரிந்தவர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறான். என்னிடம் மூச்சு விடவில்லை, படவா!

பழி வாங்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். ஐயம்பேட்டையில் ஏறும் கால் முடியாத அம்மா இறங்கினால், ரோட்டைத் தாண்டும்வரை வண்டியை நகர்த்தமாட்டார், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும். ஜோதிகாவுக்குக் காய்ச்சல் வந்து இரவெல்லாம் விழித்திருந்தபோது, தூக்கக் கண்ணோடு ஓட்டக் கூடாதென்று வண்டியையே எடுக்கவில்லை. கூலி போனால் போகட்டும் என்றார். இத்தனையும் எனக்குத் தெரிந்திருக்கிறது!

அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், "சார், உங்க பதவி என்னன்னு போடட்டும்?" என்றார்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. 'ஹவில்தார், ஓய்வு' நாக்கு நுனிவரை வந்தது.

"பக்கத்து வூட்டுக்காரன்னு போட்டுக்கோமா" என்றேன்.