கறுப்பு வண்டியின் பக்கத்து சீட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் மாமாவின் முட்டி மட்டும் நலமில்லை. இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். குனியாமல் டிங்கரிங் வேலை எப்படிச் செய்வது என்று அந்த டாக்டரையே கேட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். நீ கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கார் வாங்கலாம் என்றிருக்கிறேன் என்ற வரியை மட்டும் இன்னும் கூடப் படித்திருப்பேன். ஆறு வருடமாகக் கப்பலே கதி என்று கிடந்தவன், வீட்டுக்கு வந்தாலும் டாக்ஸியின் பின்சீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்காருகிறவன், மறுபடி ஸ்டியரிங் பிடிக்க ஆசைப்பட்டிருக்கிறாய். சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பட்டறைச் சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டினோம். ஒன்று கறுப்பு மஸில் கார், பெரிய இஞ்சின் வைத்த முரட்டு வண்டி. மற்றது வெள்ளி நிற, இரண்டு கதவு ஐரோப்பியக் கூபே. இஞ்சினை மாமா பார்க்கட்டும், சீட்டில் நீ உட்கார்ந்து பார்த்துச் சொன்னால் போதும் அக்கா என்று எழுதியிருந்தாய். இருபத்தைந்து வருடமாகக் கார் சீட் தைக்கிறவளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? கறுப்பு வண்டியைப் பற்றி இன்னொன்றும் எழுதியிருந்தாய். பார்த்தவுடன் ஏற்கெனவே ஓட்டிய வண்டி மாதிரி இருக்கிறது என்று. அந்த வரியை நான் சரியாகப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

முதலில் வெள்ளி வண்டியைப் பார்த்தோம். ஒரு பல் டாக்டரம்மாவுடையது. அவர் கிளினிக் எப்படியோ அப்படியே காரும், கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. சீட் இடுப்பை அளவெடுத்துத் தைத்த மாதிரி பிடிக்கிறது. பின்சீட் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள், அதில் பை உட்காரலாம், ஆள் உட்கார முடியாது. உன் மாமா ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினார். எதற்கு என்று கேட்டால் வளைவில் சாய்கிறதா என்று பார்க்கிறாராம். சாயவே இல்லை. பிரேக்கில் கால் வைத்த இடத்தில் நிற்கிறது. குறை என்றால், ரோட்டில் உள்ள ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குச் சொல்லிவிடுகிறது. பாகம் ஏதாவது போனால் கடல் தாண்டித்தான் வரவேண்டும், உன் கப்பலிலேயே வந்தாலும் வரும். சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி என்று மாமா சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

கறுப்பு வண்டி ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் நிற்கிறது. எட்டு சிலிண்டர். சாவியைத் திருப்பியதும் அவர் வீட்டு இரும்புக் கேட் அதிர்ந்தது. நேர் ரோட்டில் அதை அடிக்க ஆள் கிடையாது, மிதித்தால் முதுகை சீட்டோடு அழுத்திவிடும். வளைவில் மூக்கு கனம், ஈரத்தில் வால் ஒதுங்கும். பெட்ரோலைக் குடிக்கும். ஆனால் பாகங்கள் எங்கும் கிடைக்கும், பாதி வேலையை உன் மாமா கண்ணை மூடிக்கொண்டே செய்துவிடுவார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, பக்கத்து சீட் கதவுக்குக் கீழே கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. முட்டி வலி போல என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரர் ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் பின்னால் ஏறச் சொன்னார். முன்னால் பக்கத்து சீட் காலியாக இருந்தது. காலி சீட்டின் குறுக்கே பெல்ட் போட்டிருந்தது. நான் சீட் பார்க்கத்தானே வந்தேன், முன்னால் உட்காருகிறேன் என்று கதவைத் திறந்து பெல்ட்டை அவிழ்த்தேன். நான் இன்னும் உட்காரவில்லை, தெருவில்தான் நிற்கிறேன். மணி அடிக்க ஆரம்பித்தது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவான குரலில், "பெல்ட்டைப் போட்டுவிட்டுடுங்கம்மா, அப்புறம் பேசாது" என்றார்.

போட்டேன். நின்றது. விசாரித்தால், தனக்கு விற்றவர் சாவியைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுத்தாராம். அவருக்கும் முன்னால் இருந்தவர் சொன்னதாம். யாரும் அந்த சீட்டில் உட்காருவதில்லை. அவர் மனைவி எப்போதும் பின்னால்தான், முன்னால் ஆள் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்கிறாராம். குனிந்து சீட்டின் அடி ஓரத்தில் விரலை விட்டுத் தடவினேன். எந்தத் தையல் போட்டாலும் கடைசி முடிச்சை மட்டும் சிவப்பு நூலில் போடுவேன், தெரியும்தானே? சீட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில். அது அங்கே இருந்தது.

தம்பி, கொஞ்சம் உட்கார்ந்து படி.

அது உன் வண்டி. அப்போது கரு நீலம், இப்போது கறுப்பு, முன்முகத்தையும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். நீயும் நம் தங்கச்சி வாயாடியும் கடைசியாகப் போன வண்டி. பழைய இரும்புக் கடையில் போட்டு நசுக்கியாச்சு, ஓர் ஆணிகூட மிச்சமில்லை என்று உனக்கு எழுதியது நான்தான். என் கையெழுத்தில்தான் அந்தப் பொய் இருக்கிறது. விபத்துக்கு அப்புறம் பட்டறைக்கு வந்தபோது ஒரு பக்கம் மட்டும்தான் போயிருந்தது. சேஸிஸ் நேராக இருந்தது, இஞ்சினில் ஒரு கீறல் இல்லை. உன் மாமா மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். உயிரோடு இருக்கிற இஞ்சினை நசுக்க என் கை வராது என்றார். நானும் சண்டை போடவில்லை. அவர் கதவை மாற்றினார். நான் சீட்டைத் தைத்தேன். யாரோ தூரத்து ஆளுக்குப் போய்விட்டது, இனி நம் கண்ணில் படாது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். அது நேராக உன் கண்ணில் வந்து பட்டிருக்கிறது. மாமா கதவில் கை வைத்ததுமே தன் கை வேலையைக் கண்டுபிடித்துவிட்டார்.

இதற்கு மேல் இன்று கை ஓடவில்லை. வண்டியை நாங்களே வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அது இனி யாருக்கும் விற்பனைக்கு இல்லை.

*

இரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஒரு முறை மறைத்ததன் லட்சணம் வாசலில் நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று காலை அந்த சீட்டின் தையலைப் பிரித்தேன். அன்று நான் செய்த தவறு ஒன்று உண்டு. மேல் தோலை மட்டும் புதிதாகத் தைத்தேன். உள்ளே இருந்த ஃபோமை மாற்றவில்லை. கிழியாத ஃபோமை எங்கள் தொழிலில் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். தோலை உரித்ததும் பார்த்தேன், ஃபோமில் ஆள் உட்கார்ந்த பள்ளம். ஒரு பக்கம் ஆழம், மறு பக்கம் முட்டி அளவுக்கு ஒரு குழி. வாயாடி எந்த வண்டியில் ஏறினாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொள்வாளே, சீட் வீணாகும் என்று நான்கூடத் திட்டுவேனே, அதே பள்ளம். ஆறு வருடத்தில் ஃபோம் உப்பியிருக்க வேண்டும். கையை வைத்தேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன சீட் மாதிரி இருந்தது.

இன்னொன்று. ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று மணிக்குச் சொல்கிற பட்டை ஒன்று ஃபோமுக்கு அடியில் இருக்கும். இதில் இல்லை. அன்றே நான் எடுத்துவிட்டேன், என் பொத்தான் டப்பாவில் கிடக்கிறது. போய்ப் பார்த்தேன், இருக்கிறது. உன் மாமா பயந்துபோய் பேட்டரியையே கழற்றி வெளியே வைத்தார். பதினொரு மணி வெயில். இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வண்டிக்குள் மணி அடித்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கேட்டது உனக்கும் கேட்டதா என்றார்.

நான் போய் பெல்ட்டைப் போட்டேன். தோல் உரித்த அந்த வெறும் ஃபோமின் மேல்தான். நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாய். இத்தனை வருடம் அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. தெருமுனை வரைக்கும்தானே என்று அவள் பெல்ட் போடவில்லை. "மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு அக்கா, நான்தான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்" என்றாய். அந்த மணியிலிருந்து தப்பிக்கத்தான் கடலுக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் கார் வேண்டாம், கரையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் என் பயமெல்லாம். அப்படி மட்டும் செய்துவிடாதே.

எனக்கு முதலில் பயமாக இருந்தது. இப்போது இல்லை, பாவமாக இருக்கிறது. நேற்று மத்தியானம் முழுக்க அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேறு சீட் தைத்தேன். அவள் இருந்தால் எவ்வளவு பேசுவாள். நானே பேசிக்கொண்டிருந்தேன். நீ வருகிற தேதியைச் சொன்னேன். நான்கு மணி இருக்கும், க்ளிக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பெல்ட் கழன்று கிடக்கிறது. மணி அடிக்கவில்லை. அதற்கப்புறம் நான் எத்தனை முறை போட்டாலும் நிற்க மாட்டேன் என்கிறது, கழன்றுவிடுகிறது. யார் யாரோ போட்டுவிட்டு ஆறு வருடம் பொறுத்துக்கொண்டவளுக்கு இனி உன் கைதான் வேண்டும் போல.

அதனால் தம்பி, கப்பல் கரை தொட்டதும் வேறு எங்கும் போகாமல் நேராகப் பட்டறைக்கு வா. உன் கையால் அந்த பெல்ட்டை ஒரு தடவை போட்டுவிடு. அவசரப்படாமல், நன்றாக இழுத்துப் பார்த்துப் போடு. பிறகு நாம் மூவரும் கூடப் போய், நின்று, நசுக்கி முடிக்கும் வரை பார்த்துவிட்டு வருவோம். மாமா சம்மதித்துவிட்டார். எங்களை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வா, அது போதும்.

நீ எங்கிருந்தாலும் உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அக்கா.

பி.கு: வெள்ளி வண்டியையே வாங்கிக்கொள். டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு அதன் பக்கத்து சீட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். உள்ளே வெறும் ஃபோம்தான். யாரும் இல்லை.