மூன்றரை வெள்ளி சிக்கன் சாப்

தோ பாயோ, சிங்கப்பூர்
3 மார்ச் 1996

அன்பு மஸ்னாவுக்கு,

உன் தியாங் அங்கிள் எழுதுகிறேன். லீட்ஸ் குளிரில் காதை நன்றாக மூடிக்கொண்டு படி.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். நம் காப்பிக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேள். உன் அப்பா கடைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் கடை வைத்து, முப்பது வருடம் தேநீர் கலக்குகிறவனுக்கு யார் முகத்தில் எது வருகிறது என்று தெரியாதா? "சப்பாரி, உன் கடைக்குக் கண் பட்டுடுச்சு, ஜாக்கிரதையா இரு" என்றேன். உன் அப்பா கேட்கவில்லை. "டேய் தியாங், நீ தேயில சர்க்கரையப் பாத்துப் போடு, அது போதும்" என்றான்.

ஹோட்டலில் வெள்ளைத் துணி விரித்து இருபது வெள்ளி வாங்குகிற சிக்கன் சாப்பை, உன் அப்பா மூன்றரை வெள்ளிக்குக் கொடுத்தான். கோழித் தொடை, உருளைக்கிழங்கு வறுவல், முட்டைக்கோஸ், மார்ஜரின் தடவிச் சுட்ட பன், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பழுப்பு சாஸ். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்றதே அவன் பச்சைத் தட்டில்தான். ஒரு நாளைக்கு நானூறு தட்டு போனது. என் அப்பா வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமைத்தவர் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சாஸை உன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இப்போது அந்தச் சாஸில் பன்றிக் கொழுப்பு கலக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், சட்டி சட்டியாகத் திறந்து பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். உன் அப்பா அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினான். யார் படிக்கிறார்கள்? தாளுக்கு ஒரு கையெழுத்து, வதந்திக்கு ஆயிரம் வாய்.

நோன்புப் பெருநாளன்று உங்கள் வீட்டுக்குப் போனேன். ரெண்டாங், கெத்துப்பாட், செரூண்டிங் எல்லாம் மேசை நிறைய இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பெருநாள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டுக் கை கொடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். மூடி உடைக்காத டின் பானத்தை மட்டும் எடுத்துக் குடித்தார்கள். சாப்பாட்டை ஒருவரும் தொடவில்லை. நான் ஒருவனே மூன்று தட்டுச் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு என்ன பயன்? நான் சீனன்.

நீ தாதிப் படிப்பை முடி. இங்கே நான் இருக்கிறேன்.

அன்புடன்
தியாங் அங்கிள்

•

லீட்ஸ்
17 மார்ச் 1996

அன்புள்ள தியாங் அங்கிள்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "வியாபாரம் எப்பவும் போலத்தாம்மா. நீ சாப்டியா?" என்றார். பெருநாளில் யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் வந்தாங்க, பத்தாமப் போச்சு" என்றார். அம்மா இறந்தபோதுகூட என்னிடம் பொய் சொல்லாதவர்.

அங்கிள், கோபிக்காதீர்கள். அந்தச் சாஸை ராணுவ முகாம் சமையலறையில் கற்றதாக அப்பா சொல்வார். நீங்கள் சொல்லிக்கொடுத்தது என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அது போகட்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இதை முதலில் சொன்னது யார்? நாள் முழுதும் எல்லா மேசைக்கும் போய்வருகிறவர் நீங்கள். உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. அந்த ஆள் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நாலு பேர் முன்னால் "நான் சொன்னது பொய்" என்று சொன்னால் போதும். ஏப்ரல் முடிவில் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். அதற்குள் அவன் யாரென்று தெரிய வேண்டும்.

உங்கள்
மஸ்னா

•

தோ பாயோ
28 மார்ச் 1996

அன்பு மஸ்னாவுக்கு,

நீ கேட்டாய், நான் சொல்லாமல் இருப்பேனா? பார்த்தேன். இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆள் வந்தான். நீலச் சட்டை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் பளிச்சென்று தெரிந்தது. ஐந்தாம் மேசையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி, "இந்தச் சாஸ்ல அடியில ஒரு கரண்டி பன்னிக் கொழுப்பு போடறான், அதான் நாக்குல ஒட்டுது" என்றான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துரத்தினேன். பேருந்து நிறுத்தம் வரை ஓடினேன். இந்த முழங்கால் மட்டும் சரியாக இருந்திருந்தால் அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். எழுபத்து மூன்றாம் எண் பேருந்தில் ஏறித் தப்பிவிட்டான்.

உன் அப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "ஏண்டா இத்தனை நாளா சொல்லல?" என்றான். "உன் மனசு நோகும்னுதான்" என்றேன். பல் எந்தப் பக்கம் என்று கேட்டான். வலது பக்கம் என்றேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. நல்லது செய்தோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நேற்று அவனுக்கு மூன்று தட்டு வியாபாரம். அதில் இரண்டு எனக்கு.

அன்புடன்
தியாங் அங்கிள்

•

தோ பாயோ
19 மே 1996

அன்பு மஸ்னாவுக்கு,

உன் அப்பா சொல்லியிருக்க மாட்டான், நான் சொல்கிறேன். கடையை விட்டுவிட்டான். இப்போது அங்கே ஒரு பையன் மீன் சூப் விற்கிறான். கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. பச்சைத் தட்டுகளை உன் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறான்.

கவலைப்பட ஒன்றுமில்லை. தினமும் வெளியே போகிறான், நல்ல நடை. காலையில் எழுபத்து மூன்றில் ஏறுகிறான். அந்தத் தடத்தில் இருக்கிற காப்பிக்கடை ஒவ்வொன்றிலும் இறங்கி, ஒரு தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் நானும் கூடப் போனேன். சாப்பிடுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண்பிள்ளை எழுந்து, "என்ன பாக்கிறீங்க?" என்று கத்திவிட்டாள்.

"விட்டுடுடா, அவன் எங்கயோ செத்துப் போயிருப்பான்" என்றேன்.

"சாகட்டும். ஆனா சொல்லிட்டுச் சாகணும்" என்றான்.

கொஞ்சம் மெலிந்துவிட்டான். முடிந்தால் நீ ஒரு கடிதம் போட்டு, தேடாதே என்று சொல். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்.

தியாங் அங்கிள்

•

லீட்ஸ்
9 ஜூன் 1996

தியாங் அங்கிள்,

பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுச் சொன்னார். அப்பா ஹவ்காங்கில் ஒரு காப்பிக்கடையில் ஒரு ஆளை அடித்துவிட்டார். நீலச் சட்டையாம், தங்கப் பல்லாம். "சொல்லுடா, பொய்யின்னு சொல்லு" என்று கேட்டுக்கேட்டு அடித்தாராம். அந்த ஆள் நாற்காலியோடு விழுந்து தலை தரையில் மோதியிருக்கிறது. அப்பா காவலில் இருக்கிறார். ஜாமீன் தொகைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி வந்து சேருவேன்.

வழக்கறிஞரிடம் பேசினேன். அப்பா அடித்தது அடித்ததுதான். ஆனால் அந்த ஆள்தான் வதந்தியைக் கிளப்பியவன் என்று நேரில் பார்த்தவர் ஒருவர் சொன்னால் தண்டனை குறையுமாம். அப்படிப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான். மருத்துவமனைக்குப் போய் முகத்தைப் பாருங்கள். "இவன்தான்" என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்பாவுக்கு அங்கே உங்களைத் தவிர யாருமில்லை அங்கிள்.

மஸ்னா

•

தோ பாயோ
16 ஜூன் 1996

மஸ்னாவுக்கு,

நீ விமானம் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

மருத்துவமனைக்குப் போனேன். அவர் பெயர் துக்கிமின். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தலையில் கட்டு. ஒரு பக்கக் கை தூக்க வரவில்லை. மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தபோது பார்த்தேன். தங்கப் பல் இருக்கிறது. இடது பக்கம்.

நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ஏதோ தொண்டு சங்கத்திலிருந்து பார்க்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு பேசினார். "அந்த ஆள யாருன்னே தெரியாது தம்பி. பொய்யின்னு சொல்லு, சொல்லுன்னு கேட்டான். என்ன பொய்யின்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேனே" என்றார். அந்த அம்மா எனக்கு ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

இவன்தான் என்று எழுதினால் உன் அப்பாவுக்குக் குறையும் என்கிறாய். இரண்டு தடவை எழுதினேன். எழுதிக் கிழித்தேன்.

டிசம்பரில் அந்தச் சனிக்கிழமை உண்மை. ஐந்தாம் மேசையில் என் பழைய கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பாவின் சாஸை நக்கிக்கொண்டே என்னைக் கிண்டல் செய்தார்கள். "என்னடா தியாங், ஹைனானிஸ் சமையக்காரன் கை, வெள்ளைக்காரனுக்கே சமைச்ச கைன்னு பீத்திக்குவ. இந்த மலாய்க்காரன் சாஸுக்கு முன்னால உன் கை என்ன கை?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பழைய முறையில் சாஸுக்குப் பன்றிக் கொழுப்பில்தான் வெங்காயம் வதக்குவார்கள். அதையே எடுத்து, உன் அப்பா சாஸிலும் அந்தக் கொழுப்புதான் என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேசி எப்போது பழக்கம்?

பக்கத்து மேசையில் ஒரு மலாய்க் குடும்பம். சின்னப் பெண்ணுக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது, தலையில் காகிதத் தொப்பி. அந்தத் தாய் பெண்ணின் கையிலிருந்து முள்கரண்டியை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாள். தகப்பன் தட்டைத் தள்ளினான். நான் பார்த்தேன். உடனே போய், "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கூட்டாளிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தே கலக்கப் போய்விட்டேன்.

உன் அப்பா முகாமில்தான் கற்றான். அவனுக்கு ஒரு உப்புக்கல் அளவுகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

நாளைக்குக் காலையில் காவல் நிலையத்துக்குப் போகிறேன். இதையே அங்கே எழுதிக்கொடுப்பேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்வேன். உள்ளே விடுவார்களோ, அடிப்பார்களோ. உன் அப்பாவிடம் சொல்லத்தான் கால் வரவில்லை. நீ வந்து சொல். நீ சொன்னால் அவன் தேடுவதை நிறுத்துவான்.

தங்கப் பல் வைத்த ஆள் எவனும் நம் கடைக்கு வரவில்லை, மஸ்னா. நீ யார் யார் என்று கேட்டாய். என்னைக் காட்ட முடியாமல், ஒருவனை நான் உட்கார்ந்து செய்தேன். சட்டை, கால், பல் எல்லாம் நான் வைத்தது.

ஃபூ கீ தியாங்