நீ மூடி வைத்த எருக்குவியல்

மதினி,

இன்று காலை எருக்குவியலின் மேல் கிடந்த சாக்கை விலக்கினேன். நேற்றுப் பெய்த மழையில் அது ஊறிக் கனத்திருந்தது. உதறிச் சுவரில் போட்டுவிட்டுத் திரும்பியபோது அந்த வாசம் வந்தது. நனைந்த மண்ணின் வாசம். அதோடு மக்கிய வேப்பிலையின் லேசான கசப்பு. முயல் புழுக்கை இருந்த சுவடே அதில் இல்லை. நீ இருந்திருந்தால் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், "ம், பழுத்திருச்சு" என்று சொல்லியிருப்பாய். மாம்பழத்தைச் சொல்வது போலத்தான் எருவையும் சொல்வாய்.

பினாங்கில் நீ கண்ணை மூடிவிட்டாய் என்று சேதி வந்த பிறகு நான் எடுக்கும் முதல் எரு இது. அள்ள மனமில்லாமல் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழக்குயில்குடியிலிருந்து என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு நீ பசுமலைக்கு வந்தபோது உனக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கல்யாணப் பேச்சு ஓயும் முன்பே அண்ணன் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. வீடு பார்த்து வைத்துவிட்டு வந்து உன்னை அழைத்துப் போவதாகச் சொல்லிப் போனார். அதற்குள் ஜப்பான்காரன் அந்தச் சீமையைப் பிடித்துக்கொண்டான். கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போதெல்லாம் நீ கையில் இருந்த வேலையை நிறுத்துவாய். அவர் தாண்டிப் போனதும் மறுபடி தொடங்குவாய்.

முயல்கள் வந்தது அந்த நாட்களில்தான். பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சரம்மாவுக்கு நீ துணி தைத்துக் கொடுப்பாய். அவர் கொடைக்கானலுக்கு மாறிப் போனபோது தாம் வளர்த்த முயல் ஜோடியை மூங்கில் கூண்டோடு உன்னிடம் விட்டுப் போனார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரங்கூன் அரிசி நின்று, ரேசன் கடையில் வரிசை கட்டி நின்ற காலம். கேப்பையும் சோளமுமாக நம் வயிறே அரைகுறையாக நிறைந்த நேரத்தில் இதுவேறா என்று அவளுக்கு. நீதான் சமாதானம் சொன்னாய். "அத்தை, இதுகளுக்கு அரிசியா வேணும்? முருங்கைக் கொழையும் அருகம்புல்லும் போதும். நான் பறிச்சுப் போடுறேன்."

ஆலை வேலை முடிந்து வந்த அப்பா கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவர் நினைப்பு முகத்திலேயே தெரிந்தது. "நல்லாக் கொழுத்ததாத்தான் இருக்கு. மொளகு அரைச்சு வச்சா..." என்று அவர் முடிப்பதற்குள் நீ கூண்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாய்.

"மாமா, அடிச்சா ஒரு நேரத்துக் கொழம்பு. விட்டு வச்சா வருசம் பூரா காயி."

"முயலு எங்க ஆத்தா காய்க்கும்?"

"அது போடுறதுல காய்க்கும் மாமா. பாத்துக்கிட்டே இருங்க."

சொல்லிவிட்டாயே தவிர, முதலில் உனக்கும் ஒன்றும் கைகூடவில்லை. கூண்டுக்கு அடியில் மூத்திரத்தில் ஊறிக் கிடந்த புல்லையும் புழுக்கையையும் அப்படியே அள்ளிக் கத்திரி நாற்றின் தூரில் வைத்தாய். நாற்று மஞ்சளித்துக் கருகிப் போனது. அப்புறம் எல்லாவற்றையும் கொல்லையில் குவித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். அது நசநசவென்று ஊறி நாற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி பொதைச்சு வச்சிருக்கீக ரெண்டு பேரும்?" என்றாள். நாம் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள். அண்ணனிடமிருந்து கடிதம் நின்ற பிறகு அன்றைக்குத்தான் நீ சிரித்துப் பார்த்தேன்.

அந்தக் குவியலைக் கலைத்து மறுபடி அடுக்கினோம். கீழே காய்ந்த வேப்பிலையும் புங்க இலையும். அதன்மேல் புழுக்கையும் கூண்டுப் புல்லும். கொஞ்சம் பழைய மண். மறுபடி காய்ந்த இலை. தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளித்தாய். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது என்று நீயாகவே கண்டுபிடித்தாய். நிழலில் வைத்து, நனைத்த சாக்கால் மூடினாய். சில நாளில் குவியல் உள்ளே சூடேறியது. கிளறிவிட்டோம். மறுபடி சூடேறியது, மறுபடி கிளறினோம். கடைசியில் சூடு அடங்கிக் கருகருவென்று உதிரியாக வந்தது. அந்த வருசம் நம் கொல்லையின் சரளை மண்ணில் கத்திரியும் அவரையும் புடலையும் காய்த்தன. பக்கத்து வீட்டக்காவுக்கும் கூடையில் போட்டுக் கொடுத்தாய். அப்பா கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே, "முயலு காய்ச்சிருச்சு ஆத்தா" என்றார்.

உன் அப்பா மாட்டுவண்டியோடு வந்தது அதற்கு அடுத்த கோடையில். புருசன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் மகள் மாமனார் வீட்டில் கிடக்கிறாளே என்று ஊரில் பேசினார்கள் போலிருக்கிறது. நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார். நீ முழங்கை வரை எருவோடு எழுந்து நின்றாய்.

"போதும் ஆத்தா. எம்புட்டு நாளைக்கு இப்பிடிக் காத்துக் கெடப்ப? நம்ம வீட்டுக்கு வா."

"வாரேன்ப்பா. இந்தக் குவியலு இன்னும் சூடா இருக்கு. பாதியில விட்டா கெட்டுப் போகும். ஆறட்டும், வாரேன்."

"எருவுக்கு ஒரு காவலா? மீனா பாத்துக்கிற மாட்டாளா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"அவளுக்குக் கிளறத் தெரியாதுப்பா."

எனக்கு நன்றாகவே தெரியும். சாக்கை இழுத்து மூடுவது போலக் குனிந்துகொண்டேன். அம்மாதான் முன்னால் வந்தாள். "அண்ணே, அவ சொல்றபடியே இருக்கட்டும். குவியலு ஆறினதும் நானே கொண்டாந்து விடுறேன்." உன் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குவியல் ஆறியது. ஆனால் அது ஆறும் முன்பே பக்கத்தில் இன்னொன்றை அடுக்கத் தொடங்கியிருந்தாய். அவர் மறுபடி வந்தபோது அந்தப் புதுக் குவியலில் சூடு இருந்தது. அதே பேச்சு, அதே பதில். வெறும் வண்டி திரும்பிப் போனது. அதற்கப்புறம் ஒரு நாள் வண்டிச் சத்தம் கேட்டதும் நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாய். பதிலைத் தயாராக வைத்திருந்தாய் என்று நினைக்கிறேன். அன்றைக்கு வண்டி நிறையக் காய்ந்த இலை. மலையடிவாரத்தில் கூட்டி அள்ளி, உதிராமல் பழஞ்சேலை போட்டுக் கட்டிக் கொண்டு வந்திருந்தார் உன் அப்பா.

"குவியலுக்கு எலை பத்தாதுல்ல" என்று மட்டும் சொன்னார். அவரே கொல்லையில் கொட்டிவிட்டு மாட்டைப் பூட்டினார். உன்னைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு ஒருபோதும் கூப்பிடவில்லை. வண்டி தெரு திரும்பிய பிறகு நீ அந்த இலைக்குவியலின் மேல் உட்கார்ந்து அழுதாய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சண்டை முடிந்து கப்பல் விட்ட பிறகு அண்ணன் வந்தார். பிற்பகல் நேரம். நீ எருவைச் சலித்துக்கொண்டிருந்தாய், நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். வேலிப்படலுக்கு வெளியே ஒரு ஆள் நின்றார். சட்டை கொடியில் தொங்குவது போல உடம்பில் தொங்கியது. "மீனா, அம்மா இருக்காகளா?" என்றதும் குரலைக் கொண்டுதான் அடையாளம் தெரிந்தது. "அண்ணே!" என்று அலறிவிட்டேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். சல்லடை உன் கையில் ஆடிக்கொண்டே இருந்து மெல்ல நின்றது. "கை கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிக் கிணற்றுக்குப் பின்னால் போனவள் வரவே இல்லை. அம்மா என்னை அனுப்பினாள். சுத்தமாகிவிட்ட கையை நீ திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாய். "மீனா, மூஞ்சியில எரு ஒட்டியிருக்கா? பாத்துச் சொல்லு" என்றாய். எதுவும் ஒட்டியிருக்கவில்லை. என் முந்தானையால் உன் கண்ணைத் துடைத்துக் கூட்டி வந்தேன்.

அண்ணன் திரும்பி வர வேண்டும் என்று உன்னோடு சேர்ந்து நான் கும்பிடாத சாமி இல்லை. அவர் வந்தால் நீ போய்விடுவாய் என்று அத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை, மதினி. கடையை மறுபடி திறந்துவிட்டார்கள், ஆள் வேண்டும் என்று முதலாளி எழுதியதும் நீங்கள் இருவரும் புறப்பட்டீர்கள். மதுரை ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ எருவைப் பற்றியே பேசினாய். "புழுக்கை காயுறதுக்குள்ள கூட்டி அள்ளிரு. எலையைக் கொறைச்சுப் போடாத. வெயிலுக்குக் கூண்டுல ஈரச் சாக்கு கட்டு." வண்டி நகர்ந்த பிறகுதான், "அழாத புள்ள" என்றாய்.

பினாங்கிலிருந்து அண்ணன் எழுதும் கடிதத்தின் அடியில் உன் வரி ஒன்று இருக்கும். முயல் குட்டி போட்டதா என்று கேட்டிருப்பாய். அங்கே மாடி வீடு, மண்ணைப் பார்க்கவே கீழே இறங்க வேண்டும் என்று ஒரு முறை எழுதினாய். கடைசியாக வந்த கடிதத்தில் உன் வரி இல்லை. காய்ச்சல் என்றார் அண்ணன். அடுத்து வந்தது தந்தி.

இப்போது அண்ணன் இங்கேதான் இருக்கிறார். எனக்குக் கல்யாணமாகியும் இதே பசுமலையில் இருப்பதால் தினமும் வந்து பார்க்கிறேன். கொல்லையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு நாள் கேட்டார்: "மீனா, அவளுக்கு என்னென்ன புடிக்கும்? எங்கிட்ட எதையுமே கேட்டதில்ல. அவளோட நான் இருந்தது கொஞ்சக் காலந்தான். நீதான் கூட இருந்த."

சொல்லத் தொடங்கினேன். நாம் நாற வைத்த முதல் குவியலைச் சொன்னேன். அவர் சிரித்தார். உன் அப்பா இலை கொண்டு வந்ததைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தினம் ஒன்று கேட்கிறார், தினம் ஒன்று சொல்கிறேன். உனக்குப் பச்சை அவரைக்காய் மெல்லப் பிடிக்கும் என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஒரு மார்கழி. விடிந்தும் பனி விலகவில்லை. குவியலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நீ சாக்கை ஒதுக்கிக் கையை உள்ளே விட்டாய். என் கையையும் பிடித்து இழுத்து உள்ளே வைத்தாய். விறைத்திருந்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. "மனுச ஒடம்புச் சூடு மாதிரி இல்ல, மீனா?" என்றாய். அண்ணன் பக்கத்தில் இல்லாததைப் பற்றி நீ வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். எருவுக்குள்ளேயே உன் விரல்களைப் பற்றிக்கொண்டேன். நீயும் பற்றிக்கொண்டாய். அம்மா கூப்பிடும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அது அண்ணனுக்குச் சேர வேண்டிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல மனம் வரவில்லை. மற்றதெல்லாம் அவருக்குக் கொடுத்துவிட்டேன், மதினி. அந்த மார்கழிக் காலைப்பொழுது மட்டும் எனக்கு வேண்டும்.