பார்த்துவிட்டுத்தான் ஏறுவோம்

மார்ச் 4
மின்சார சபையில் புதிய பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. பெரிய அலுவலகத்தில் கூடிப் பேசினார்களாம். தினமும் கரண்ட் போஸ்டடியில் ஆட்களோடு நிற்கிற எங்களைப் போன்ற மேற்பார்வையாளர் ஒருவரையும் கூப்பிடவில்லை. பொறியியலாளர் யோகராசா சேரிடம் கேட்டேன். "உங்களுக்கு என்னத்துக்கு கூட்டம், சாலிஹ்? எழுதிக் கிடக்கிறதச் செய்யுங்கோ" என்றார். செய்கிறேன். ஒரு எழுத்தும் விடாமல் செய்கிறேன்.

மார்ச் 11
நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஏறாவூரில் வேப்பங்கொப்பு முறிந்து லைனில் விழுந்தது. என் சொந்த ஊர். "லைன் ஓஃப். ஏறச் சொல்லுங்கோ" என்று சேர் போனில் அவசரப்படுத்தினார். என் லைன்மேன் பொடியன் நிலோஜன் ஏணியில் கால் வைத்துவிட்டான். இறக்கினேன். சோதித்து, லைனை நிலத்தோடு இணைத்து எர்த் போட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அவர்கள் எழுதிய விதிதானே? டெஸ்டரைப் பிடித்தால் கத்துகிறது. நிறுத்திய லைனில் கரண்ட்!

தேடிப் போனால் இப்றாஹிம் காக்காவின் மீன் வாடி. மெயின் சுவிட்சை இறக்காமல் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார், அது லைனுக்குத் திரும்பி வருகிறது. நிறுத்தச் சொன்னேன். "மீன் பழுதாப்போகும். சனம் இருட்டுல நோன்பு திறக்கப் போகுது. நீ நம்மட ஊர்ப் புள்ளதானா?" என்றார். நிறுத்தும்வரை வாசலில் நின்றேன். பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்துத்தான் ஊருக்கு வெளிச்சம் வந்தது.

மார்ச் 12
பள்ளிவாசலில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. "ஊரே நம்மளத்தான் பேசுது" என்று மனைவி ஸஹீதா அழுதாள். பேசட்டும். நிலோஜனை உயிரில்லாமல், மையத்தாகக் கொண்டுபோய் அவன் தாய்க்கு முன்னால் வைக்க என்னால் ஏலாது.

மார்ச் 14
ஊரிலிருந்து மேலிடத்துக்கு என்னைப் பற்றி முறைப்பாடு போயிருக்கிறதாம். "கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்" என்றார் சேர். "என்னை எங்க வேணுமெண்டாலும் போடுங்க சேர். நான் நிக்கிற போஸ்டுல எர்த் இல்லாம ஆரும் ஏறமாட்டாங்க" என்றேன். கோபம்தான். சரி — பயமும் கொஞ்சம்.

மார்ச் 17
என்னை ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். வயர்ச் சுருள்களுக்கு மேற்பார்வையாளன்.

மார்ச் 24
காற்று, மழை. ஏறாவூரில் மறுபடி கரண்ட் இல்லை. பின்னேரம் சேரே ஸ்டோருக்கு வந்தார். என் ஆட்கள் டெஸ்டர் பிடிக்காமல் ஏறமாட்டோம் என்று போஸ்டடியில் நிற்கிறார்களாம். என் இடத்துக்குப் புதிதாகப் போனவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். "வாங்கோ சாலிஹ். அடுத்த கூட்டத்துக்கும் வரத்தான் வேணும்" என்றார். "கூட்டத்த போஸ்டடியில வையுங்க சேர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்றார்.

போகும் வழியில் போன் அடித்தது. இப்றாஹிம் காக்கா.

"ஜெனரேட்டர நிப்பாட்டிட்டன். மெயினும் இறக்கியாச்சு. உன்ட புள்ளைகள ஏறச் சொல்லு."

"பாத்துட்டுத்தான், காக்கா."