ஆறு இதழ்க் கிளட்ச்

2007 ஜனவரி 9

காரின் கிளட்ச் இன்று செத்துப்போனது. ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு என்னை முந்திப் போனது. இதைவிட அவமானம் வேண்டுமா?

கிழமை நாட்களில் இதே காரில் மனைவி கௌசியை அவள் வேலை செய்யும் அரச அலுவலகமான நுவரெலியாக் கச்சேரியில் இறக்கிவிட்டு, கந்தப்பளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கப் போகிறேன். ஞாயிறுகளில் மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் இதைப் பக்கவாட்டில் சறுக்க விடுகிறேன். அதற்குப் பெயர் டிரிப்ட். கௌசி வைத்திருக்கும் பெயர் வேறு. எழுத முடியாது.

2007 ஜனவரி 21

தொழிற்சாலை முற்றத்தை ஒட்டிய மெக்கானிக் ஜெரோமியின் கராஜில் முழு நாளும். ஏப்ரலில் அந்த முற்றத்திலேயே போட்டி. ஜெரோமி ஒரு கிளட்ச் தட்டைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் நீட்டினான். சாதாரணத் தட்டில் உராய்வுப் பட்டை விளிம்பு முழுக்கச் சுற்றி இருக்கும். இதில் பூவிதழ் மாதிரி ஆறே ஆறு துண்டு. பிடித்தால் முழுப் பிடி. இல்லையென்றால் பிடியே இல்லை. நடுவில் எதுவும் கிடையாது.

“ரேஸ்காரங்க எல்லாம் இதத்தான் போடுறாங்க சார். கூடவே லைட் பிளைவீல். மிதிச்சா எஞ்சின் அப்புடியே பறக்கும்.”

“ரேஸ்காரன் காலமை மனுசியைக் கச்சேரிக்கு ஏத்திக்கொண்டு போறவனோ?”

கொஞ்சம் யோசித்தான். “அவங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காதுங்க சார்.”

2007 ஜனவரி 23

பிளைவீல் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரம்; அதில் பாரம் குறைந்தால் எஞ்சின் சட்டென்று எகிறும். சட்டென்று சாகவும் செய்யும். பாரமான சக்கரம்தான் ஏற்றத்தில் எஞ்சினை மூச்சு நின்றுவிடாமல் தாங்கிப் பிடிப்பது. இது எனக்குத் தெரியும். கரும்பலகையில் வருடக்கணக்காக எழுதிப் போடுகிறேன்.

தெரிந்தும் ஆறு இதழையே போடச் சொல்லிவிட்டேன். ஏன்? பூப்போல இருந்ததே.

2007 பெப்ரவரி 6

பூட்டியாகிவிட்டது. முற்றத்தில் ராசா. கடைத்தெருவில் — கந்தப்பளைக் கடைத்தெருவில், பஸ் நிலையத்துக்கு எதிரே, எஞ்சின் நின்றது. கிளப்பினேன். ஒரு துள்ளல், மறுபடி நின்றது. பதினோராம் வகுப்பு மாணவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். “சார், இன்னைக்கு சடத்துவப் பாடமா?” என்றான் ஒருவன். ஓடுவது ஓடவும் நிற்பது நிற்கவும் பார்க்கும் சடத்துவம்; நல்ல கேள்வி. பெயரைக் குறித்துக்கொண்டேன்.

பின்னேரம் வீட்டு வாசலில் கௌசி கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “உது காரோ, கங்காருவோ?”

2007 மார்ச் 6

கௌசி பஸ்ஸில் போனாள். மழைக்குக் கார் வழுக்குமாம். மழை இல்லை.

2007 மார்ச் 13

எழுத்துக் கோணலாக வருகிறது. வரட்டும்.

இன்று கௌசியும் காரில் வந்தாள், பஸ் வராதபடியால். ஏற்றத்தில் இராணுவச் சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் நின்ற வான் போனது. சிப்பாய் கையசைத்து, மெதுவாக வா என்றான். மெதுவாக! இந்தக் காருக்குத் தெரியாத ஒரே சொல். எஞ்சின் சாகாமல் இருக்க அக்சிலேட்டரை மிதித்து, கிளட்சை விட்டேன். கார் பாய்ந்தது. தடைக்கம்பு முறிந்து பொனெட்டில் விழுந்தது. அதன் பிறகு எஞ்சின் அமைதியாக நின்றது.

துப்பாக்கிகள். எல்லாம் என் பக்கம். எனக்கிருந்த கொஞ்சச் சிங்களமும் ஓடிப்போய்விட்டது. கையைத் தலையில் வைத்து றோட்டில் முழங்காலில் நின்றேன். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதை வாசித்தவன் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். கௌசி காருக்குள், இரண்டு கையையும் வெளியே தெரிய டாஷ்போர்டில் விரித்து வைத்தபடி. அசையவில்லை. அப்படி இருக்க வேண்டுமென்று அவளுக்கு ஆர் சொன்னது?

கிளட்ச் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆர் நம்புவினம்? ஆறு துண்டு தகட்டாலை ரெண்டு பேரும் செத்திருப்பம். சிரிப்பாய்க் கிடக்கு. சிரிக்கத்தான் முடியேல்லை.

2007 மார்ச் 14

நேற்றைய மிச்சம். பிந்தி வந்த பஸ்ஸில் இருந்த மாணவர்கள் பார்த்துப் போய்ச் சொல்ல, ஜெரோமி ஓடி வந்தான். இரண்டு கையையும் தட்டுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டியும் பிரித்தும், சிங்களத்தில் கிளட்ச் பாடம் எடுத்தான். நான் இன்னும் முழங்காலில்.

சார்ஜன்ட் நம்பவில்லை. தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். கார் துள்ளி நின்றது. மறுபடியும் துள்ளல். அடுத்த துள்ளலில் தொப்பி கழன்று மடியில் விழுந்தது. ஒரு சிப்பாய் சிரித்தான், பிறகு எல்லாரும். பழுதான காரை ஏன் றோட்டுக்குக் கொண்டுவருகிறாய் என்று சார்ஜன்ட் கேட்டார். ஜெரோமிக்கு ரோஷம். பழுதில்லை, ரேஸ் சாமான் என்று தொடங்கினான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

பாடசாலை அதிபர் வந்து என்னை ஆசிரியன்தான் என்று சொல்லும்வரை, மத்தியானம் தாண்டும்வரை, வைத்திருந்தார்கள். நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தச் சார்ஜன்டுக்கும் அந்தக் கிளட்சை மிதிக்கத் தெரியாதது.

வீட்டில் கௌசி சோறு போட்டாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடி சொன்னாள். “உதைக் கழட்டிப்போட்டு வாங்கோ. இல்லாட்டி நான் ஊருக்குப் போறன்.” யாழ்ப்பாணப் பாதை போரால் மூடிக்கிடக்கிறது. ஆனாலும் போய்விடுவாள் போலத்தான் இருந்தது.

2007 மார்ச் 18

கழற்றியாகிவிட்டது. பட்டை முழுக்கச் சுற்றியிருக்கும் சாதாரணத் தட்டு, அதை அழுத்திப் பிடிக்கக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங். பிளைவீல், காரோடு வந்த பழைய பாரமானதே. ஜெரோமி சவ வீட்டில் நிற்பவன் போல நின்றான்.

“அப்ப தோத்துருவோமே சார்.”

“தோற்பம்.”

2007 ஏப்ரல் 19

போட்டி. கிளட்சை மிதித்து, எஞ்சினை ஏற்றி, பட்டென்று விட்டேன். பாரமான சக்கரத்தில் சேர்ந்திருந்த வேகம் பின் டயர்களை உதைத்தது. வால் அழகாக வெளியே போனது. நீண்ட வளைவு முழுக்க ஒரே சறுக்கல். கொழும்பிலிருந்து வந்தவனின் ஆறு இதழ்க் கார் முற்றத்தின் நடுவில் நின்றுபோக, மூன்று பேர் தள்ளினார்கள். நான் இரண்டாமிடம்.

“பாத்தீங்களா சார், நான் அப்பவே சொன்னேன்ல?” என்றான் ஜெரோமி. கண்ணில் ஒரு கூச்சமும் இல்லை.

கௌசி குடையோடு வந்திருந்தாள். கை தட்டவில்லை. முடியும்வரை நின்றாள்.

2007 மே 8

பாடசாலை தொடங்கிவிட்டது. சாவடியில் கார் நின்றுபோனது. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. நிற்க வேண்டிய காரணமே இல்லை. என் இடது கால்தான் பெடலில் தையல் மெஷின் போல அடித்துக்கொண்டது. சிப்பாய் என்னை அடையாளம் கண்டு சிரித்தான், நட்பாகத்தான். கால் இன்னும் கூட அடித்தது.

முற்றத்தில் இந்தக் காலுக்கு ஒன்றுமில்லை. றோட்டில்தான். இதற்கு எந்தத் தட்டைப் போடுவது?

2007 மே 10

மறுபடியும்.

2007 மே 27

கௌசியிடம் லைசன்ஸ் இருக்கிறது, எடுத்ததோடு சரி. இன்று முற்றத்தில் அவளே ஓட்டிப் பழகினாள். ஜெரோமி உற்சாகத்தில், “டீச்சரம்மா, ஒரு தடவ வழுக்க விட்டுப் பாருங்க!” என்றான். அவள் டீச்சர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவள் பார்த்த பார்வையில் கராஜுக்குள் போய்விட்டான்.

2007 ஜூன் 18

கௌசி ஓட்டினாள். ஏற்றத்தில் வரிசை. அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். “அட்டையைத் தாங்கோ” என்றாள். இரண்டு அட்டைகளையும் தானே நீட்டி, சிங்களத்தில் ஏதோ சொன்னாள். சிப்பாய் வழிவிட்டான். கார் ஒரு குலுங்கல் இல்லாமல் ஏறியது.

கச்சேரிக்குப் பிந்தும் என்றாலும் என்னை முதலில் பாடசாலை வாசலில் இறக்கினாள். “பின்னேரம் நானே வாறன். வாசலிலேயே நில்லுங்கோ.”

சரி என்றேன். கார் வளைவில் மறைந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு உள்ளே போனேன்.