போனார்

காட்மாண்டு
ஜேட் 29, 2065
(உன் தோஹா காலண்டரில் ஜூன் 11, 2008)

அன்புள்ள தீதிக்கு,

தம்பி உத்தவின் நமஸ்காரம். புவாவும் நானும், அப்பனும் மகனும், ஒரே வீட்டில் நலம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்திருக்கிறேன்.

மணி நாலு. வானொலி நிலையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது மணிச் செய்தியை வாசிப்பது நான். இனி முடியாட்சி இல்லை என்று அரசியல் நிர்ணய சபை ஓட்டுப் போட்டுப் பதினான்கு நாள். இன்று இரவு ராஜா அரண்மனையை விட்டுப் போகிறார்.

என் சிக்கல் அந்த ஒரு வாக்கியம்தான்.

பதினான்கு நாளாகப் புவா என்னோடு பேசவில்லை. நான் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார். ஓட்டு நடந்த அன்று கடைசியாகக் கேட்டது: "இத்தனை வருஷமா எல்லாத்துக்கும் ராஜாவைத் திட்டினீங்க. இனிமே யாரைத் திட்டுவீங்க, துரை?" சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அரண்மனையில் முப்பத்தொரு வருஷம் பரிமாறியவர். ராஜாவுக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து பழகி, ஓய்வு பெற்ற பிறகும் பூஜையறையிலிருந்து அப்படித்தான் வெளியே வருவார், நினைவிருக்கிறதா?

நேற்று டிரான்சிஸ்டரிடம் சொன்னார், என்னிடம் அல்ல. "நாளைக்கு என்ன சொல்லு போடுறான்னு கேக்கத்தான் போறேன். 'போனான்'னு வந்துச்சுன்னா எனக்கு மகன் கிடையாது."

உனக்குத் தெரியும். நாம் போகிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். ராஜா மட்டும் எழுந்தருள்வார், அமுது செய்வார், துயில்கொள்வார். பள்ளியில் அதைத் தப்பாக எழுதி அடி வாங்கினேன். இரண்டு வருஷம் முன்பு ஊர்வலத்தில் தடியடி வாங்கியபோது, நான் கேட்பது எல்லோருக்கும் பொதுவான ஒரு வினைச்சொல்தானே என்று தோன்றியது. இப்போது அது என் கையில் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

செய்தி ஆசிரியர் ஜுனு 'போனான்' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறாள். "எழுந்தருளினார்னு மட்டும் வாசிச்சுப் பாரு, நீயும் அவர் வண்டியிலயே ஏறிக்கலாம்" என்றாள். பாதிதான் கேலி.

*

மணி பத்தரை. வீட்டிலிருந்து தொடர்கிறேன்.

'போனார்' என்று வாசித்தேன். புவா கடைக்குப் போனார். புவா வேலைக்குப் போனார். அதே சொல். மைக்கின் முன்னால் வேறு எதுவும் வாயில் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஜுனு தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டில் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி. ஒரே ஒரு தட்டு. சோறு, பருப்பு, குந்த்ருக் கீரை. புவா தோளில் துண்டும் கையில் கரண்டியுமாக நின்றிருந்தார்.

"குடியரசு மகாராஜா அமுது செய்தருளணும்" என்றார்.

கேலியா, தீதி? முகம் தெரியவில்லை. நீங்களும் உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. நான் கேட்பதற்கு முன்பே பருப்பு வந்தது. தண்ணீர் வந்தது. கடைசிக் கவளம் வரை நின்றார். பிறகு என்னைப் பார்த்தபடியே, முதுகு காட்டாமல், சமையலறைக்குப் போனார்.

கதவு சாத்தியிருக்கிறது. பாத்திரச் சத்தம் இல்லை.

சனிக்கிழமை நீ போன் பேசும்போது ராஜாவைப் பற்றிப் பேச வேண்டாம். என்னைப் பற்றியும் வேண்டாம். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் அவரிடம் கேள். முப்பத்தொரு வருஷம் வேறொருவரைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி. நம்முடைய சாதாரணச் சொல்லிலேயே கேள். இன்று நான் கேட்டிருக்க வேண்டும்.

உன் ஆசியை வேண்டும்,
தம்பி உத்தவ்